ஸ்டாக் மைதானத்தின் கதை



மலருக்குக் கட்டுரை கேட்டு செயலாளர் போன் பண்ணியபோது, "ஹாஸ்டல் மெஸ், கல்ச்சுரல்ஸ், ஸ்ட்ரைக் இதெல்லாம் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே ஏழெட்டு வந்தாச்சு. வரலாறு மாதிரி ஏதாவது எழுது" என்றார். சிவில் படித்தவனுக்குத் தெரிந்த வரலாறு கட்டடங்களின் வரலாறுதான். வேலை விஷயமாக இரண்டு வருடம் சிகாகோவில் இருந்தபோது, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மைதானத்தைப் பற்றி நிறையப் படித்தேன், நேரில் போயும் பார்த்தேன். இந்த வருடப் பொதுக்குழுவில் நம் கல்லூரி மைதானம் பற்றிய பேச்சு வரப்போகிறது. அதனால் அந்தக் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். 'வார்ஸிட்டி' என்பது 'யுனிவர்சிட்டி' தேய்ந்து வந்த வார்த்தை. அமெரிக்காவில் வார்ஸிட்டி டீம் என்றால் நம்ம பாஷையில் 'காலேஜ் டீம்'. அடுத்தது ஃபுட்பால். அவர்கள் ஃபுட்பால் நாம் ஆடிய கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலைக்கும் தோளுக்கும் கவசம் மாட்டிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளும் ஆட்டம் அது. இந்தக் கட்டுரை முழுக்க ஃபுட்பால் என்று வரும் இடமெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சிகாகோ பல்கலைக்கழகம் 1890-ல் நிறுவப்பட்டு 1892 அக்டோபரில் வகுப்புகளைத் தொடங்கியது. பணம் ராக்பெல்லருடையது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். புதுப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியர்களைத் தேடிப் பிடித்த கையோடு, விளையாட்டுக்கும் ஒருவரைப் பிடித்தார். அவர்தான் ஏமஸ் அலோன்ஸோ ஸ்டாக். யேல் பல்கலைக்கழகத்தில் ஹார்ப்பரிடம் பைபிள் பாடம் படித்த மாணவர். பாதிரியார் ஆக நினைத்து, மேடைப் பேச்சு வராததால் விளையாட்டுப் பக்கம் வந்தவர். கூடைப்பந்து பிறந்த ஸ்ப்ரிங்ஃபீல்டில், 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன்னால் நடந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர் அணிக்காக ஆடியவர். மாணவர்கள் 5-1 என்று ஜெயித்தார்கள். அந்த ஒன்று ஸ்டாக் போட்டது!

ஹார்ப்பர் அவருக்குக் கொடுத்த பதவியைக் கவனியுங்கள். உடற்கல்வித் துறையின் தலைவர், இணைப் பேராசிரியர் அந்தஸ்து, நிரந்தர வேலை. நம்ம பி.டி. சார்களுக்கு ஸ்டாஃப் ரூமில் எந்த நாற்காலி கிடைத்தது என்பது நமக்குத் தெரியும். அங்கே 1892-லேயே கோச்சும் கெமிஸ்ட்ரி பேராசிரியரும் ஒரே வரிசை. ஹார்ப்பருக்கு இதில் ஒரு கணக்கும் இருந்தது. நேற்று முளைத்த பல்கலைக்கழகத்தின் பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டுமானால் பேப்பரில் வர வேண்டும். பேப்பரில் வரச் சுலபமான வழி ஃபுட்பால்.

முதல் வருடம் ஆள் போதவில்லை. கோச்சே இறங்கி ஆடினார். மைதானத்துக்கு இடம் கொடுத்தவர் மார்ஷல் ஃபீல்ட் என்ற பெரிய ஜவுளி வியாபாரி. ஆக, மைதானத்துக்கும் 'மார்ஷல் ஃபீல்ட்' என்றே பெயர், பொருத்தம் பாருங்கள். பிற்பாடு அது ஸ்டாக் ஃபீல்ட் ஆயிற்று. பக்கத்திலேயே மிட்வே என்ற நீளமான புல்வெளி. 1893 உலகக் கண்காட்சியில் உலகத்தின் முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் சுழன்ற இடம் அது. அதே கண்காட்சியை ஒட்டித்தான், சென்னை அன்பர்கள் பணம் திரட்டி அனுப்பிவைத்த விவேகானந்தர் அந்த ஊரில் பேசினார்.

அதற்கப்புறம் ஸ்டாக்கின் காலம். 41 சீஸன் ஒரே ஆள் கோச்! 1896-ல் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்தன. இன்றைக்கு 'பிக் டென்' என்று கோடிக்கணக்கில் டாலர் புரளும் அமைப்பு அதுதான். அதில் சிகாகோ ஆரம்ப உறுப்பினர், ஃபுட்பாலில் ஏழு தடவை சாம்பியன். 1905-ல் மிச்சிகன் அணி 56 ஆட்டம் தோல்வியே காணாமல் வந்து சிகாகோவிடம் 2-0 என்று தோற்றது. அவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு ரெண்டே ரெண்டு பாயின்ட். எதிராளியை அவன் எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே அமுக்கிப் பிடித்தால் கிடைக்கும் பாயின்ட் அது. நம்ம கபடி ஆட்டக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கட்டடங்களும் வந்தன. 1904-ல் பார்ட்லெட் ஜிம்னேஸியம்: இறந்துபோன மகன் நினைவாக ஒரு தகப்பனார் கொடுத்த பணத்தில், கோட்டை மாதிரி கல் கட்டடம். அதில் 1917 முதல் 1930 வரை நாடு முழுவதிலுமிருந்து பள்ளிக்கூட அணிகளை வரவழைத்து ஸ்டாக் கூடைப்பந்துப் போட்டி நடத்தினார். பெண்களுக்கு 1916-ல் ஐடா நோய்ஸ் ஹால். மைதானத்தைச் சுற்றி கான்கிரீட் கேலரிகள் எழும்பின. மேற்குக் கேலரியின் வெளிச்சுவரில் கோட்டைக் கொத்தளம் போல அலங்காரம். இருபதுகளின் கடைசியில் சுமார் 50,000 பேர் உட்காரலாம். 1932 வாக்கில் உள்ளரங்க ஆட்டங்களுக்கு ஒரு பெரிய ஃபீல்ட் ஹவுஸ். இந்த இடத்தில் கதை உச்சிக்கு வந்துவிட்டது, இனி இறக்கம்தான்.

1929-ல் ராபர்ட் ஹட்சின்ஸ் தலைவராக வந்தார். வயது 30. நம்ம வயதுக்கும் குறைச்சல்! படிப்பு, படிப்பு, படிப்பு என்று நின்றவர். நாம் அவரை அலட்சியமாக நினைக்கக் கூடாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர் 1937-ல் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் நிறத்தைக் காரணம் காட்டி, வளாகத்தில் பாடம் நடத்தக் கூடாது என்று ஒரு டீன் முட்டுக்கட்டை போட்டார். ஹட்சின்ஸ் அதைத் தள்ளிவிட்டு, தாராளமாக நடத்தட்டும் என்று சொல்லிவிட்டார். ஃபுட்பாலில் கை வைத்த அதே மனிதர்தான் இவர்.

ஸ்டாக்குக்கு 70 வயதானதும் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். கிழவர் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் காலேஜ் ஆஃப் பசிஃபிக் என்ற சின்னக் கல்லூரிக்கு கோச்சாகப் போனார். 1938-ல் தன் புது அணியைக் கூட்டிக்கொண்டு, தன் பெயர் வைத்த மைதானத்துக்கே வந்து, சிகாகோவை 32-0 என்று அடித்துவிட்டுப் போனார். அப்போது அவருக்கு 76. (நூறைத் தாண்டி வாழ்ந்து 1965-ல் மறைந்தார்.)

ஸ்டாக் போன பிறகும் ஒரு மின்னல் அடித்தது. ஜே பெர்வாங்கர். 1935-ல் அமெரிக்காவின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான கோப்பை முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது வாங்கியவர் இவர். இன்று 'ஹெய்ஸ்மன் டிராஃபி' என்கிறார்கள். அடுத்த வருடம் தொழில்முறை அணிகள் முதன்முதலாக வீரர்களை ஏலம் போலத் தேர்ந்தெடுத்தபோது முதல் பெயரும் இவருடையதே. ஆனால் மனிதர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. ரப்பர் வியாபாரத்துக்குப் போய்விட்டார்! அந்தக் கோப்பையை அவருடைய அத்தை வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்களாம். 1934-ல் இவரை மடக்கப் பாய்ந்த மிச்சிகன் வீரர் ஒருவருக்குக் கன்னத்தில் வெட்டுக்காயம். தழும்போடு வளர்ந்த அந்த வீரர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார்: ஜெரால்ட் ஃபோர்ட்.

பெர்வாங்கர் போனார், அணி படுத்துவிட்டது. காரணம் ரகசியம் இல்லை. ஹட்சின்ஸ் காலத்துப் பாடத்திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கடினமான பொதுத்தேர்வு. ஆட்டக்காரனுக்குத் தனிச் சலுகை கிடையாது. நம்ம ஓ.டி. ஃபார்ம் மாதிரி ஒரு தாளை நீட்டித் தப்பிக்க முடியாது. மற்ற பல்கலைக்கழகங்கள் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து, பணமோ வேலையோ கொடுத்து வைத்துக்கொண்டன. 1939 சீஸன் கணக்கைப் பாருங்கள். ஹார்வர்டுடன் 0-61. ஒஹையோ ஸ்டேட்டுடன் 0-61. வர்ஜீனியாவுடன் 0-47. இல்லினாயுடன் 0-46. மிச்சிகனுடன் 0-85! எட்டு ஆட்டத்தில் இரண்டே வெற்றி, அதுவும் சின்னக் கல்லூரிகளோடு. மொத்தம் போட்டது 37, வாங்கியது 308.

1939 டிசம்பர் 21-ம் தேதி, ஃபுட்பாலை நிறுத்துகிறோம் என்று டிரஸ்டிகள் தீர்மானித்தார்கள். ஐம்பதாயிரம் இருக்கை உள்ள மைதானத்தை வைத்துக்கொண்டு! ஹட்சின்ஸ் அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே பத்திரிகையில் கட்டுரை எழுதி, கல்லூரி விளையாட்டு டிக்கெட் வசூலுக்காக நடக்கிறது, அதுதான் நோய் என்று சாடியிருந்தார். அவர் சொன்ன நோய் உண்மைதான். இன்றைக்கு அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழக ஃபுட்பால் கோச் வாங்கும் சம்பளத்தைப் பார்த்தால் ஹட்சின்ஸை தீர்க்கதரிசி என்றே சொல்லலாம். என் குறை ஒன்றுதான். வசூல் வேறு, ஆட்டம் வேறு. வசூலை நிறுத்த ஆட்டத்தையே நிறுத்தினார். மற்ற ஆட்டங்கள் தொடர்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் 1946-ல் பிக் டென்னை விட்டே பல்கலைக்கழகம் வெளியேறிவிட்டது.

காலியாகக் கிடந்த மைதானம் அதற்குள் உலக வரலாற்றில் ஏறிவிட்டது.

போர்க்காலம். யுரேனியத்தில் தொடர்வினை நடக்குமா என்று சோதிக்க என்ரிக்கோ ஃபெர்மி ஓர் உலை கட்ட வேண்டும். ஊருக்கு வெளியே காட்டுக்குள் கட்டுவதாகத் திட்டம். அங்கே கட்டடத் தொழிலாளர் ஸ்ட்ரைக்கால் வேலை தாமதம். (சைட் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுசா என்ன?) ஃபெர்மி, இங்கேயே பண்ணிவிடலாம் என்றார். எங்கே? ஸ்டாக் ஃபீல்டின் மேற்குக் கேலரிக்கு அடியில், ஸ்குவாஷ் மாதிரியான 'ராக்கெட்ஸ்' ஆட்டத்துக்கென்று கட்டிய கூடத்தில். திட்டப் பொறுப்பாளர் ஆர்தர் காம்ப்டன் சம்மதித்தார், ஹட்சின்ஸிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் வேண்டாம் என்றுதான் சொல்லியாக வேண்டும் என்பது காம்ப்டனின் கணக்கு. பெரிய நகரத்தின் நடுவே, கவசச் சுவரோ குளிர்விக்கும் ஏற்பாடோ இல்லாத அணு உலை! இன்றைக்கு எந்த சேஃப்டி ஆபீசரிடம் காட்டினாலும் மயக்கம் போட்டு விழுவார்.

1942 நவம்பர் 16-ல் அடுக்க ஆரம்பித்தார்கள். சுமார் 45,000 கிராஃபைட் கட்டிகள், அவற்றில் பலவற்றின் துளைகளில் யுரேனியம். 57 அடுக்கு. கட்டிகளை அறுத்துத் துளை போடும் வேலையும் அங்கேயேதான். கரி படிந்து ஆள் அடையாளம் தெரியாது, தரையெல்லாம் வழுக்கும். அடுக்கி ஏற்றும் வேலைக்குப் பக்கத்துப் பேட்டைப் பையன்கள் வந்தார்கள். ராணுவம் கூப்பிடுவதற்குள் நாலு காசு பார்க்கலாம் என்று வந்தவர்கள். டிசம்பர் குளிரில் கூடத்துக்கு ஹீட்டர் வசதி கிடையாது. காவலாளிகள் நடுங்கினார்கள். லாக்கர்களில் தேடினால், பழைய ஃபுட்பால் அணி விட்டுப்போன ராக்கூன் ரோமக் கோட்டுகள் இருந்தன. உலகின் முதல் அணு உலையை அந்தக் கோட்டுகளைப் போட்டுக்கொண்டுதான் காவல் காத்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

டிசம்பர் 2, பிற்பகல் சுமார் மூன்றரை மணி. கட்டுப்பாட்டுக் கழியை ஃபெர்மி அங்குலம் அங்குலமாக இழுக்கச் சொன்னார். உலை தானாக எரிய ஆரம்பித்தது. வந்த சக்தி அரை வாட். நம்ம வீட்டு 'ஜீரோ வாட்' பல்புகூட அதைவிட அதிகம் இழுக்கும்! கூடியிருந்த 49 பேரில் ஒரே பெண், லியோனா வுட்ஸ். கைதட்டல் கிடையாது. யூஜீன் விக்னர் கொண்டுவந்த ஒயின் பாட்டிலைத் திறந்து காகிதக் கோப்பையில் ஆளுக்குக் கொஞ்சம் குடித்தார்கள். ஸ்குவாஷ் என்பதைப் பூசணி வகைக் காய் என்று புரிந்துகொண்டு, சோவியத் ஒற்றர் அறிக்கையில் 'பூசணி வயலில் சோதனை' என்று எழுதிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, நன்றாக இருக்கிறது.

அடுத்த ஆண்டே உலையைப் பிரித்துக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மேற்குக் கேலரியை 1957-ல் இடித்தார்கள். மைதானம் இருந்த நிலத்தில் 1970-ல் ரெகன்ஸ்டைன் நூலகம் திறந்தது. பக்கத்திலேயே 2011-ல் கண்ணாடிக் கூரை போட்ட இன்னொரு நூலகம். உலை இருந்த இடத்தில் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம், 1967-ல் வைத்தது. ஒரு பக்கம் பார்த்தால் காளான் மேகம், இன்னொரு பக்கம் மண்டையோடு. ஃபுட்பால் ஆடிய தடயம் என்று அங்கே கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஆட்டம் மட்டும் விடவில்லை. 1963-ல் பையன்கள் கிளப் மாதிரி சேர்ந்து மறுபடி ஃபுட்பால் ஆட ஆரம்பித்தார்கள். அதை எதிர்த்து வேறு மாணவர்கள் மைதானத்தின் நடுவிலேயே உட்கார்ந்து தர்ணா செய்தார்கள்! ஆடாதே என்று தர்ணா நடந்த கல்லூரி வேறு எதுவும் இருக்குமா, தெரியவில்லை. 1969-ல் வார்ஸிட்டி அணி திரும்ப வந்தது. கிட்டத்தட்ட 30 வருட இடைவெளி. இப்போது அவர்கள் இருப்பது மூன்றாம் பிரிவில். அங்கே ஆட்டத்துக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்பது விதி. 1986-ல், படிப்பிலும் ஆராய்ச்சியிலும் தங்களைப் போன்ற பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தனிக் கூட்டமைப்பு அமைத்துக்கொண்டார்கள். 2022-ல் அவர்கள் ஆண்கள் அணி கால்பந்தில் (இது நம்ம கால்பந்து) மூன்றாம் பிரிவு தேசிய சாம்பியன். கோச் ஜூலியான் சிட்ச், ஒரு பெண். ஆண்கள் கால்பந்து அணியை அந்தப் பட்டத்துக்குக் கொண்டுபோன முதல் பெண் கோச் அவர்தான்.

புது ஸ்டாக் ஃபீல்ட் சில தெரு தள்ளி இருக்கிறது. இருக்கை இரண்டாயிரத்துக்கும் குறைச்சல். 2003-ல் திறந்த ராட்னர் விளையாட்டு மையத்தை சிவில்காரர்கள் சிகாகோ போனால் தவறாமல் பார்க்க வேண்டும். வெளியே உயரமான கம்பங்களை நட்டு, அவற்றிலிருந்து கேபிள் இழுத்துக் கூரையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொங்கு பாலத்தின் தத்துவம். உள்ளே நீச்சல் குளத்திலும் ஜிம்மிலும் நடுவில் ஒரு தூண் கிடையாது. வடிவமைத்தவர் சீஸர் பெல்லி. பெரும் தொகை கொடுத்தவர் முப்பதுகளில் அங்கே பேஸ்பால் ஆடிய பழைய மாணவர். பெர்வாங்கரின் கோப்பையும் அங்கேதான் இருக்கிறது, கதவு முட்டு வேலையிலிருந்து விடுதலையாகி. 1904-ல் கட்டிய பார்ட்லெட் ஜிம் இப்போது மாணவர் சாப்பாட்டுக் கூடம்.

இனி நம்ம விஷயம். மைதானத்தின் கிழக்குப் பக்கம் புது பிளாக் கட்டச் சங்கத்திடம் நன்கொடை கேட்டிருக்கிறார்கள். வகுப்பறை வேண்டும், மறுக்கவில்லை. சிகாகோக்காரர்கள் மைதானத்தில் நூலகம் கட்டினார்கள் என்று உதாரணம் காட்ட யாராவது எழுந்தால், அவர்களிடம் மாற்று இடம் சில தெரு தள்ளி இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு மூன்று பக்கம் ரோடு, ஒரு பக்கம் ஹாஸ்டல். போன மாதம் ஊருக்கு வந்தபோது நம் ஜூனியர்கள் இரண்டு பேரோடு டேப் பிடித்து அளந்தேன். நீளம் 190 மீட்டர் சொச்சம். எட்டு லேன் உள்ள ஸ்டாண்டர்ட் 400 மீட்டர் டிராக்குக்கு ஏறக்குறைய 177 மீட்டர் நீளம், 93 மீட்டர் அகலம் தேவை. பிளாக்குக்கு பிளானில் காட்டியிருப்பது 30 மீட்டர். கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே பிளாக்கைப் பழைய ஒர்க்‌ஷாப் ஷெட் இருக்கும் இடத்தில் மாடி போட்டுக் கட்ட முடியுமா என்று ஒரு ஸ்கெட்ச் போட்டிருக்கிறேன். மண் பரிசோதனை பண்ணாமல் முடியும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதற்கு ஆகும் செலவை எங்கள் செட் சிவில்காரர்கள் பகிர்ந்துகொள்கிறோம். ஸ்கெட்சின் பிரதி ரிஜிஸ்ட்ரேஷன் மேஜையில் இருக்கும். பொதுக்குழு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று போட்டிருக்கிறார்கள், தயவுசெய்து சாப்பிட்டவுடன் பஸ் பிடிக்கப் போய்விடாதீர்கள்.